பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்

குழாயை வளைப்பதற்கு முன்னால் மெக்கானிக் சுருள் அதைக் காதருகே கொண்டுபோய் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவான். எதற்கு என்று கேட்டால், "தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்குறேன்" என்பான். உண்மையில் அதில் ஒரு மண்ணும் தெரியாது. அப்படித் தட்டினால் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்த மரியாதைக்காகவே பல வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்தான். சம்பளத்தில் கிடைக்காததை வேறு எங்கே போய்த் தேடுவது?

அன்றைக்கும் தட்டினான். பிறகு குழாயின் நுனியை இடது கையில் பிடித்து, மேஜையில் இறுக்கி வைத்திருந்த இரும்புத் தண்டின் மேல் மெல்லச் சுற்றினான். ஒரு சுற்று. அதை ஒட்டினாற்போல் இன்னொரு சுற்று. வண்டி ஓடும்போது பிரேக் குழாய் ஆடும் ஆட்டத்தைத் தாங்க இப்படி ஒரு சுருள் வேண்டும். எல்லா மெக்கானிக்கும் வைப்பதுதான். ஆனால் எல்லாரும் வலப்பக்கம் சுற்றுவார்கள். இவன் இடதுகைக்காரன், இவன் சுருள் இடப்பக்கம் சுற்றும். பானெட்டைத் திறந்ததுமே, "இது அவன் கை" என்று பக்கத்துத் தெருப் பட்டறைக்காரன் வரைக்கும் சொல்லிவிடுவான். சுருள் என்ற பேரும் அப்படி வந்ததுதான். வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால், "இந்தச் சுருளைக் கட்டிக்கிட்டு நான் எங்க நேரா நிக்கிறது" என்பாள்.

மேடைமேல் நின்றது மலைமேல் ஓட்டல் நடத்துகிறவருடைய பழைய கார். கட்டில் நீளத்துக்குப் பானெட், உருண்டை விளக்குகள், மரத்தில் ஸ்டியரிங். ஓட்டலில் அதற்கு மகாராணி என்று பெயர். பட்டறையில் கிழவி. தங்க வருகிறவர்களை அதில் ஏற்றி மலைப்பாதையில் இறக்கி, ஏரியைச் சுற்றிக் காட்டி, மறுபடி மேலே கொண்டுபோவார்கள். ஓட்டுகிறவன் சுருளின் மனைவிக்குத் தம்பி. கைப்பழக்கம் இல்லாதவன் தொட்டால் கிழவி அசையமாட்டாள் என்று சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சுருள்தான்.

அந்தக் காலத்து வண்டி. நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் போகும். இந்தக் காலத்து வண்டியில் ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாடு உண்டே, அதெல்லாம் கிடையாது. எந்த மூலையில் ஒழுகினாலும் நாலும் போச்சு. அதனால்தான் துருப்பிடித்த பழைய குழாய்களை மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வண்டி வந்திருந்தது.

முன்பக்கம் முடிந்தபோது நிக்கல் குழாய்ச் சுருணையும் முடிந்துவிட்டது. செம்போடு நிக்கல் கலந்த குழாய் அது. துருப்பிடிக்காது, விரியாது, பிரேக்குக்குப் போட சட்டமும் சம்மதிக்கும். சுருள் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் கண்ணாடித் தடுப்புக்குப் போனான்.

"முதலாளி, நிக்கல் பைப் தீந்துபோச்சு. பின்சக்கரத்துக்கு வேணும்."

"தீந்துபோச்சா? வண்டிக்குப் பைப் போடச் சொன்னா நீ என்ன அதுக்கு ஒட்டியாணமா செஞ்சு மாட்டியிருக்கே?"

"வளைவு அதிகம் முதலாளி."

"மூலையில ஃபிரிட்ஜ் பைப் கெடக்கு பாரு. அத எடுத்துப் போடு."

"அது வெறும் செம்பு. அதிர அதிர வெறைச்சுப் போய் விரிசல் விடும். பிரேக்குக்குப் போடவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுலயும் நீளம் பத்தாது, நடுவுல நட்டு வச்சு ஒட்டுப் போடணும். தண்ணிப் பைப்புக்குப் போடற ஒட்டு. பிரேக் மிதிச்சா அது எப்படித் தாங்கும்?"

"ஏன்டா, சட்டம் வந்து வண்டிக்கு அடியில படுத்துப் பாக்குமா?" முதலாளி ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரைத் தேடினார். "ஓட்டல்காரர் நாளைக்குச் சாயங்காலம் வண்டி வேணும்னு நிக்கிறாரு. சீசன். நிக்கல் வர ஒரு வாரம் ஆகும். வந்ததும் மாத்திக்கலாம்."

"என் கையால போட மாட்டேன் முதலாளி."

"போடாதே. போய் டீ குடி."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று சுருள் எதிர்பார்க்கவில்லை. டீக்குப் போனான். அந்தப் பட்டறையில் டீ என்பது தனி ஏற்பாடு. வேலையில் மிஞ்சும் செம்பு, பித்தளைத் துண்டுகளையெல்லாம் வாசலருகே ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார்கள். டப்பா நிறைந்தால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும். அந்தக் காசில் எல்லாருக்கும் டீ. டப்பா கனத்தால் பிஸ்கெட்டும் உண்டு. முதலாளி பையிலிருந்து டீ வந்ததாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

திரும்பி வந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளியின் மருமகன். கல்யாணத்தோடு பட்டறைக்கு வந்து சேர்ந்தவர். எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. இன்ன வேலை என்று எதுவும் கொடுக்கப்படாததால் எல்லா வேலையிலும் கை வைப்பார். ஃபிரிட்ஜ் குழாயை இரண்டு துண்டாக மாட்டி, நடுவில் ஒட்டு வைத்து முறுக்கி, இப்போது அதன்மேல் கறுப்புத் தாரைத் தூரிகையால் பூசிக்கொண்டிருந்தார். செம்பு மினுமினுத்த இடம் ஒவ்வொன்றாக மறைந்தது.

"எப்படிண்ணே?" என்றார் கீழேயிருந்து.

"மை வச்ச மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிரித்தார். சுருளும் சிரித்தான். முழங்கை வரை கிரீஸ் அப்பிய தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். சுத்தமான கைகள் என்று தோன்றியது.

மறுநாள் வண்டி ஆய்வாளர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார். அவர் முழங்காலுக்கு அவருக்கு முன்னாலேயே ஓய்வு கிடைத்துவிட்டது போலும், குனியவில்லை. தகுதிச் சான்றில் முத்திரை விழுந்தது. பின்னாலேயே ஓட்டல்காரர் வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பாலிஷ் போட்ட நிக்கல் சுருள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அடடா! நகை மாதிரி இருக்கே. யார் வேலை இது?"

முதலாளி சுருளின் தோளில் கையைப் போட்டார். முதல் தடவையாக. "நம்ம ஆளு. வண்டி பூரா இவன் கைதான்."

சுருள் வாயைத் திறந்தான். ஓட்டல்காரர் செல்போனில் சுருளைப் படம் எடுத்தார், அதாவது குழாயை. திறந்த வாயைச் சுருள் அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டான்.

வண்டியை எடுத்துப்போக மைத்துனன் வந்தான். நெடுநெடு உயரம், ஓட்டல் கொடுத்த வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. ஏறியதும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அவன் எப்போதும் வெறுங்காலில்தான் அந்த வண்டியை ஓட்டுவான். பிரேக் மிதியில் ரப்பர் என்றைக்கோ போய்விட்டது; குறுக்கே மூன்று வரம்பு ஓடிய இரும்புத் தகடு மட்டும்தான் மிச்சம்.

"ஷூ போட்டுக்கிட்டு ஓட்டேன்டா. பெரிய மனுஷன் மாதிரி இருக்கும்."

"ஷூ போட்டா கிழவி பேசறது கேக்கல மச்சான். கால்லதான் பேசுவா."

"ரப்பர் ஒண்ணு வெட்டித் தரவா?"

"வேணாம். காதுல பஞ்சு வச்ச மாதிரி ஆயிடும்."

சுருள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவை விடவில்லை. "பெடல் மெத்துனு இருந்தா உடனே வந்து சொல்லணும், என்ன? ஒரு வாரம் கழிச்சு எப்படியும் கொண்டு வா."

"ஏன் மச்சான், உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"என் வேலை முன்னாடி."

"அப்ப பின்னாடி?"

"பின்னாடி கடவுள். கடவுளுக்கு லீவுன்னா மாப்பிள்ளை."

மைத்துனன் தொப்பி நகரும்படி சிரித்தான். சொல்ல வேண்டியதைச் சுருள் ஜோக்காகச் சொன்னான். அவன் ஜோக்காகவே கேட்டுக்கொண்டான். வண்டி தெருமுனையில் ஒரு தடவை ஹாரன் அடித்துத் திரும்பியது.

ஒரு வாரம் போயிற்று. நிக்கல் வரவில்லை. சுருள் கேட்டான். "வருது" என்றார் முதலாளி. அடுத்த வாரமும் கேட்டான். "வந்துக்கிட்டே இருக்கு." அதற்கடுத்த தடவை, "நீ என்ன, பைப்புக்குப் பொண்ணு பாத்துட்டுப் போனவன் மாதிரி வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றார். பட்டறையே சிரித்தது. அதற்குப் பிறகு சுருள் கேட்பதை நிறுத்திவிட்டான். சிரிக்க வைப்பது இவன் தொழில். சிரிப்புக்கு ஆளாவது பிடிக்கவில்லை. இவ்வளவுதான் காரணம், பெரிதாக வேறொன்றும் இல்லை.

செய்தி மத்தியானம் வந்தது. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, இரண்டாவது வளைவில் பிரேக் இல்லை. கைப்பிரேக்கை இழுத்தால் கம்பி கையோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் பள்ளம். மைத்துனன் வண்டியை மறுபக்கத்து மண்சரிவில் கொண்டுபோய் மோதி நிறுத்தியிருந்தான், தன் பக்கமாக. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. ஒரு சின்னப் பெண்ணுக்கு உதடு கிழிந்து ஒரு தையல். அவனுக்கு வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வார்டு நிறைந்திருந்தது. வராந்தாவில் சுவரோரம் கட்டில் போட்டிருந்தார்கள். மழைச் சாரல் கட்டிலின் கால்வரை வந்து போனது. அதே நேரம் வண்டி எங்கே இருந்தது என்றால், ஓட்டலின் சொந்தக் கொட்டகையில். பழைய வண்டி, மழை படக்கூடாது என்று ஓட்டல்காரர் போலீஸிடம் சொல்லியிருந்தார். ஆய்வு நடக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். மேலே மெத்தென்ற துணிப்போர்வை போட்டு மூடியிருந்தார்களாம்.

மைத்துனனின் காலை இரும்புச் சட்டத்தில் தூக்கிவைத்துக் கயிற்றில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். அதன்மேல் போர்வை கிடந்தது. சுருள் தலைமாட்டிலேயே நின்றுகொண்டான். கால்மாட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

"மிதிச்சேன் மச்சான்." ஊசி மயக்கத்தில் அவன் நாக்குக் குழறியது. "தரை வரைக்கும் போயிடுச்சு. ஒண்ணுமே பேசல அவ."

"சரி, சரி. தூங்கு."

"நான் மிதிச்சேன்னு நீ அவங்ககிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன்டா."

மனைவி, தான் சட்டைக்குப் பொத்தான் துளை போடும் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். புடவை முழுக்க வெள்ளை நூல். தம்பியின் நெற்றியைத் தடவிக்கொண்டு சுருளைப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கும் மேலாக இவனோடு குடித்தனம் நடத்துகிறவள். இவன் ஜோக் அடிக்காமல் நின்றால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனபோது மேஜைமேல் நிக்கல் குழாய் இருந்தது. புதுச் சுருணை, உறைகூடப் பிரிக்கவில்லை. வாரக்கணக்காக வராதது ஒரே நாளில் நடந்தா வந்தது, பறந்தா வந்தது?

முதலாளி கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் சுருள் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"உன் மச்சினன் விஷயம் கேட்டு எனக்குத் தூக்கமே இல்ல. நல்ல பையன்." "வர்ற வாரம் அதே வண்டி இன்ஸ்பெக்டர் வண்டியைப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள பின்னாடி பைப்பை நீ புதுசாப் போட்டுடு. கொட்டகைச் சாவிக்கு நான் சொல்லிட்டேன்."

"போட்டுட்டா?"

"பைப் சரியா இருக்கும். இன்ஷூரன்ஸ் வரும். ஓட்டல்காரரு ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துப்பாரு."

"பைப் சரியா இருந்தா யாரு தப்பு?"

முதலாளி மேஜைக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "டிரைவர் தப்புன்னா ஒரு லைசன்ஸ் போகும். அவ்வளவுதான். கால் முறிஞ்சவன் எப்படியும் ஓட்டப் போறதில்லையே."

"முதலாளி!"

"கத்தாதே. அந்தச் செம்பு வெளிய வந்தா என்ன ஆகும்னு யோசி. பானெட்டைத் தொறந்தா உன் சுருள். ஊருக்கே தெரியும் அது யார் கைன்னு. வண்டி பூரா நீதான் பண்ணேன்னு ஓட்டல்காரர்கிட்ட நான் சொன்னப்ப நீ பக்கத்துல நின்னு இளிச்சே. உன் சுருளோட போட்டோவே அவர்கிட்ட இருக்கு. நான் எதுக்கு உள்ள போகணும், நீ இருக்கும்போது?"

சுருள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் குழாயடியில் மனைவி பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். ஃபிரிட்ஜ் குழாய், ஒட்டு, தார், முதலாளி சொன்னது. தண்ணீர் பிளாஸ்க் நிரம்பி வழிந்துகொண்டேயிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் போடல. என் கையால போட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் குழாயை மூடினாள். இதுவரை எவ்வளவு சண்டையிலும் அவனை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள்.

"நீ மனுஷனா? உன் கை சுத்தமா இருக்கணும்னு என் தம்பி கால் போச்சா? அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்ல? உலகத்துல இருக்கற அத்தனை பேரையும் சிரிக்க வைக்க வாய் இருக்கு!"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இவன்தான்னு காட்டிக் கொடுக்கறேன், நல்லாப் பாக்கட்டும்." பிளாஸ்க்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "போய்ச் சொல்லு. அந்த இன்ஸ்பெக்டர் எவனோ, அவன்கிட்ட சொல்லு. உன்னை உள்ள வச்சா வைக்கட்டும், நான் சோறு கொண்டாந்து தர்றேன். ஆனா ஜோக்கடிக்காம சொல்லு."

மறுநாள் முதலாளியிடம், "பைப் போட மாட்டேன். உள்ளதச் சொல்லப் போறேன்" என்றான். குரல் சின்னப் பிள்ளையுடையது போல் கீச்சென்று வந்தது. முதலாளி கோபப்படவில்லை. "சரி. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ. மச்சினனைப் பாரு" என்றார். மனசாட்சி குத்துகிறதோ என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தான் இந்த முட்டாள்.

ஆய்வு நாளன்று சுருள் விடியும்போதே பஸ் ஏறிவிட்டான். ஓட்டல் கொட்டகை வாசலில் புல் வெட்டி அழகாக இருந்தது. முதலாளி, ஓட்டல்காரர், மாப்பிள்ளை எல்லாரும் வந்திருந்தார்கள். ஆய்வாளர் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை ஒரு கெட்டிலோடு வந்து சுருளின் கையில் டீ கிளாஸைத் திணித்தார். கூடவே பிஸ்கெட்.

"குடிங்கண்ணே. டப்பா இந்த வாரம் நல்லா கனத்துச்சு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் வந்த குளிர், வெறும் வயிறு, சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வறண்ட தொண்டை. ஊதி ஊதிக் குடித்தான். பிஸ்கெட்டை முக்கித் தின்றான். கிளாஸைப் புல்மேல் வைத்தபோது ஆய்வாளரின் வண்டி வந்தது.

சுருள் முந்திக்கொண்டு போய்க் கும்பிட்டான். "சார், நான் இந்த வண்டிக்கு பைப் போட்டவன். பின்சக்கரத்துக்குப் போறது செம்புப் பைப் சார், ஃபிரிட்ஜுக்குப் போடறது. நடுவுல ஒட்டு. தார் பூசி மறைச்சிருக்கு. அதான் விட்டுப்போச்சு. டிரைவர் மேல தப்பே இல்ல. நீங்க கீழ பாருங்க சார், உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டான். ஜோக்கே இல்லாமல். மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

"பாத்துடலாமே" என்றார் ஆய்வாளர்.

மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு சாக்கை விரித்தார், அதன்மேல் ஓட்டல் துண்டு ஒன்றை. அன்றைக்கு மடங்காத முழங்கால் இன்றைக்கு மடங்கியது. ஆய்வாளர் முக்கி முனகிக்கொண்டு மண்டியிட்டு, பிறகு முழுசாகவே படுத்து, டார்ச் வெளிச்சத்தைப் பின்பக்கம் அடித்தார். சுருளும் பக்கத்தில் படுத்தான்.

தார் இல்லை. ஒட்டு இல்லை. முன்னாலிருந்து பின்சக்கரம் வரை ஒரே நீளமாக நிக்கல் குழாய் ஓடியது. இரண்டு சாணுக்கு ஒரு பிடிப்பு. நுனிகள் முறையாக இரட்டை மடிப்பு மடித்து முறுக்கப்பட்டிருந்தன. மேலே பழசாகத் தெரிய மண்ணைக் குழைத்துத் தடவியிருந்தார்கள். கடைசியில், சக்கரத்துக்குத் திரும்பும் இடத்தில், ஒரு சுருள். இரண்டு சுற்று. வலப்பக்கம்.

"நல்லாத்தானேய்யா இருக்கு" என்றார் ஆய்வாளர். "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான வேலை பாத்ததில்ல."

"சார், இது இப்பப் போட்டது! இது என் கையே இல்ல சார், சுருளப் பாருங்க, வலது பக்கம் போகுது. நான் இடதுகை. முன்னாடி பாருங்க, அது இடது பக்கம்!"

"சுருள்னா சுருள்தான். அதுல என்னய்யா இடது, வலது? சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல."

"பழைய பைப் எங்க? டேய், அந்தச் செம்பு எங்கடா?" சுருள் வண்டிக்கு அடியிலிருந்து புரண்டு எழுந்ததில் நெற்றி இரும்பில் இடித்துத் தோல் கிழிந்தது. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தான். "எங்கடா வச்சிருக்கே?"

"எந்தச் செம்புண்ணே?"

மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் புல்மேல் போயிற்று. சுருளும் அங்கே பார்த்தான். கிளாஸின் அடியில் கொஞ்சம் டீ, அதில் ஊறிய பிஸ்கெட் துணுக்கு ஒன்று.

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. டப்பா இந்த வாரம் நன்றாகக் கனத்தது எதனால் என்று இப்போது தெரிந்தது.

"பாவம், சொந்தக்காரப் பையன். அதான் பதறுறான்" என்றார் முதலாளி, ஆய்வாளரின் முதுகுத் தூசியைத் தட்டிவிட்டபடி. "நல்ல வேலைக்காரன் சார். நீயே சொல்லுடா, இந்த வேலையில ஒரு குறை சொல்லு பாப்போம்."

சுருள் குறை தேடினான். உண்மையிலேயே தேடினான். ஒன்றும் இல்லை. அந்தக் குழாய் அன்றைக்கே வண்டியில் இருந்திருந்தால் கிழவி இன்னும் பல வருஷம் மலை ஏறி இறங்கியிருப்பாள்.

"ஏறி உக்காந்து மிதிச்சுப் பாருய்யா. உன் திருப்திக்கு" என்றார் ஆய்வாளர்.

முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் கதவு திறந்தது. இருக்கை மைத்துனனின் நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியே இருந்தது. சுருள் நுனியில் உட்கார்ந்து எட்டி மிதித்தான். பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ கவிழ்ந்து கிடந்தது. செருப்பைத் தாண்டி மூன்று வரம்பும் காலில் தெரிந்தன. பிரேக் கல் மாதிரி நின்றது. மறுபடி மிதித்தான். கல். எழுந்து நின்று உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தான், மிதித்தான், யாரோ போதும் என்றார்கள், பிறகும் மிதித்தான்.

"ஓட்டுநர் உரிய நேரத்தில் பிரேக்கைப் பயன்படுத்தவில்லை" என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மழை விட்டிருந்தது. வராந்தாவில் போலீஸ்காரர் ஒருவர் ஆய்வு அறிக்கையில் மைத்துனனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு எதிரே வந்தார். மனைவி கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேசினில் துணியை நனைத்துத் தம்பியின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் போர்வைக்குள் இருந்த பாதம். எடைக்கல் தொங்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம், வருகிறவர் போகிறவரைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றது.

சுருளின் நெற்றிக் காயத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, மண்ணும் எண்ணெயுமா அப்பிக் கெடக்கு. யாரும் கழுவவே இல்ல" என்றாள். பேசின் தண்ணீர் கறுத்துவிட்டது. பெருவிரல் வெளுத்தது, குதிகால் வெளுத்தது. பாதத்தின் அடியில், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் மட்டும் துணியை அழுத்தித் தேய்த்தாள். சோப்புப் போட்டாள். மறுபடி தேய்த்தாள்.

மைத்துனன் தூக்கத்தில் முனகினான்.

"இந்த மூணு கோடு மட்டும் போகவே மாட்டேங்குது" என்றாள்.

உள்ளங்காலில் குறுக்காக, ஒன்றின்கீழ் ஒன்றாக, அடிக்கோல் வைத்து இழுத்தது போல மூன்று கோடுகள், நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போய் இருந்தன. அவள் துணியைப் பிழிந்து இன்னும் அழுத்தித் தேய்க்கப் போனாள். சுருள் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.